நான் பூட்டிவைத்த கடல்

மாப்பிள்ளை,

உங்கள் மகள் முற்றத்தில் உட்கார்ந்து கடலைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம்தான் மண்டபத்திலிருந்து வந்தாள். விசேஷங்களுக்கு மட்டும் வெளியே வருகிற நம் பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து, கிணற்றுத் தண்ணீர் இறைத்து நிரப்பி, கண்ணையும் மூக்கையும் மூடுகிற ரப்பர் முகமூடி ஒன்றை அதற்குள் முக்கி முக்கி எடுக்கிறாள். உப்புப் போகாவிட்டால் ரப்பர் வெடித்துவிடுமாம். கல்லூரிச் சாமானாம், திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். ஈர ரப்பர் வாசனை வீடு முழுக்க நிற்கிறது.

ரப்பர் வாசனை எனக்குப் புதிதா? கோட்டையூர் சைக்கிள் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி நான். எட்டு வாடகைச் சைக்கிள்கள், இரண்டு பம்புகள், ஒரு பஞ்சர் தொட்டி, இவ்வளவும் என் ஆட்சிக்கு உட்பட்டவை. டியூப் வாசனை இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் இன்றைக்கு அதில் உப்பும் கலந்திருக்கிறது. அந்த இரண்டும் சேர்ந்த வாசனையை இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் முகர்ந்திருக்கிறேன். அன்றைக்கு நீங்கள் என் பக்கத்தில், வள்ளத்தின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள்.

தபாலாபீஸில் ஊர்க் கடிதத்தையெல்லாம் பிரித்து அடுக்கிய உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற தங்கை புருஷனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? விலாசம் புரியாத கடிதத்தை என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் உங்களைக் கேட்டேன். ‘கொஞ்ச நாள் கையில வச்சிருப்போம் மச்சான், யாராச்சும் தேடி வந்தாலும் வருவாக’ என்றீர்கள். இதையும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துத் தபாலாபீஸைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பக்கத்து அரியக்குடியிலிருந்து வருகிற கடிதத்தைவிடப் பினாங்கிலிருந்து வருகிற கடிதம் அதிகம் என்று நான் சொல்வேன். இதில் என் வழக்கமான கலப்படம் இருக்கிறது. ஆனால் மற்றப் பேச்சைவிடக் கம்மி. பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, மேடான் என்று கட்டுக்கட்டாக உங்கள் மேசைக்கு வரும். நீங்கள் ஒவ்வொரு ஊரையும் பள்ளிக்கூடத்துப் பழைய அட்லஸில் தேடிப் பார்ப்பீர்கள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் நேராக என் கடைக்கு வந்தீர்கள்.

‘மச்சான், இந்த ஊருச் சனம் பூராம் ஏதாச்சும் ஒரு தீவுக்குப் போயிட்டு வந்துருச்சு. பினாங்கு தீவு. சிங்கப்பூரு தீவு. இலங்கை கேக்கவே வேணாம். மேடான் இருக்கே, அந்தச் சுமத்ராவும் தீவுதான். அத்தனை தீவும் என் கை வழியாப் போகுது. நான் ஒண்ணைக்கூட மிதிச்சதில்ல.’

தீவை விடுங்கள், நீங்கள் கடலையே பார்த்ததில்லை. கண்டரமாணிக்கத்துக் கேணியில் நீச்சல் படித்தவர். மேலே இருந்து குதித்து, அடியில் கிடக்கிற கல்லை எடுத்துக்கொண்டு வருகிற பிள்ளை என்று உங்கள் அம்மா பெண் பார்க்க வந்தபோதே சொன்னார். கடலைக் கடந்து போய்ச் சம்பாதிக்கிற ஆசை உங்களுக்கு இல்லை. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசை. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஒருவன் கடலடியில் மீன்களுக்கு நடுவே நிற்கிற படத்தை வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டி, தபால் பிரிக்கிற அலமாரியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தீர்கள். எந்த ஊருக் கடிதத்தை எடுத்தாலும் அவன் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்த ஆசைக்கு நான் எப்படி ஆலோசகன் ஆனேன் என்பது பெரிய கூத்து. உங்கள் கல்யாணப் பந்தியில், பெண்ணின் அண்ணன் சாதாரண ஆளாகத் தெரியக் கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ‘ராமேஸ்வரத்துல கடல்ல குதிச்சு நீந்துனேன். இலங்கைத் தலைமன்னார்ல கரையேறி ஒரு வாய் வெத்தலை போட்டேன். துப்புறதுக்கு முன்னாடி திரும்ப இங்குட்டு வந்துட்டேன்’ என்று ஒரு விடு விட்டேன். பந்தியே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு, ‘தண்ணி தெளிவா இருந்துச்சா மச்சான்?’ என்று கேட்டீர்கள்.

அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்றுதான். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றால் எனக்கு மூச்சு முட்டும். அதைச் சொல்லாமல், ‘கண்ணாடி’ என்றேன்.

புதுப்பெண்ணாக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கையும் அதைக் கேட்டாள். நம்பினாள். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன பிறகு இரண்டு வருஷம் உங்கள் வீட்டில் கடல் என்ற சொல்லையே எடுக்க விடவில்லை. அதற்கப்புறம் மனசு இளகியபோது ஒரு நிபந்தனை வைத்தாள்.

‘எங்க அண்ணன் கூட வந்தாப் போங்க. அவுகளுக்குக் கடலு கொல்லைப்பக்கம் மாதிரி. தனியாப் போறதா இருந்தா அந்தப் பேச்சே வேணாம்.’

இப்படித்தான் மாப்பிள்ளை, நான் அளந்த அளப்பு உங்கள் கழுத்தில் ஒரு கயிறாக விழுந்தது. அதன் இன்னொரு முனை என் கையில்.

நீங்கள் பயணத்துக்குத் திட்டம் போட்ட விதத்தை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. மண்டபத்தில் சங்கு குளிக்க, அதாவது முங்கிச் சங்கெடுக்க, வள்ளம் விடுகிற ஒரு சம்மாட்டியின் விலாசத்தை எப்படியோ பிடித்தீர்கள். ஒரு கார்டுக்கு ஒரே ஒரு கேள்வி. எந்த மாதம் தண்ணீர் தெளிவாக இருக்கும்? ‘மாசி, பங்குனி. கச்சான் காற்று எழும்புமுன் வரவும்.’ தீவில் குடிக்கத் தண்ணீர் உண்டா? ‘ஒரு சொட்டும் கிடையாது. ஆளுக்கு ஒரு குடம் கொண்டு வரவும்.’ காலுக்கு என்ன போடுவது? ‘பவளக்கல் கிழிக்கும். பழைய கான்வாஸ் செருப்பு.’ ஊதா மையில், யாரையோ வைத்து எழுதிய பதில்கள். ஒவ்வொரு கார்டும் வந்த அன்று என் கடைக்கு ஓடி வருவீர்கள். கடைச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் மண்டபத்தை வரைந்து, அதற்குக் கீழே குருசடி, பூமரிச்சான், மனோலி, முயல் தீவு என்று வட்டம் போட்டீர்கள். காற்றை எதிர்த்து முதலில் தூரத்துத் தீவுக்குப் போய்விட வேண்டும், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும் என்று அம்புக்குறி வேறு. நான் ஒரு வாரம் அந்த மன்னார் வளைகுடாவைத் தாண்டித்தான் பஞ்சர் ஒட்டினேன்.

என் பங்குக்கு லாரி டியூபை வெட்டி, உடைந்த கடிகாரத்தின் கண்ணாடியைப் பொருத்தி, சொல்யூஷன் தடவி உங்களுக்கு ஒரு முகமூடி செய்தேன். பஞ்சர் தொட்டியில் உங்கள் தலையை முக்கிச் சோதித்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. உலகத்தில் அப்படி ஒரு முகமூடி இல்லை என்று கோட்டையூர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசிக் கார்டு மாசி பிறந்ததும் வந்தது. அதில் இரண்டே சொற்கள். ‘பசியாறாமல் வரவும்.’

நம் பக்கத்தில் காலைப் பலகாரம் சாப்பிடுவதுதான் பசியாறுவது. ஒருவரைப் பசியாறாமல் வரச் சொன்னால், எங்கள் வீட்டில்தான் பலகாரம், வழியில் எங்கும் வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து எங்களை அவமானப்படுத்தாதே என்று பொருள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை. முகம் தெரியாத மனிதர் நம்மை விருந்துக்கு அழைத்திருக்கிறார் என்று இரண்டு பேருமே உருகிப் போனோம். பிறகு நீங்கள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

‘மச்சான், ஒருவேளை சாப்பிடவே கூடாதுன்னு சொல்றாரோ?’

‘மாப்ளே, ஒரு மனுசன் இன்னொரு மனுசனைச் சாப்பிடாதேன்னு கார்டு போட்டா சொல்லுவான்?’

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். தபாலைப் பற்றிய விஷயத்தில்கூட என்னை நம்பினீர்கள்.

என் தங்கை இரண்டு தகர டப்பாவில் கந்தரப்பமும் மாவுருண்டையும், ஒரு தூக்கில் புளியோதரையும் கட்டிக் கொடுத்தாள். கூடவே ஒரு பொட்டலம் சீயக்காய், ஒரு குப்பியில் நல்லெண்ணெய். ‘சங்கு குளிக்கப் போறோம்னுதானே சொன்னீக? குளிக்கப் போற இடத்துல எண்ணெய்க்கு யாரைத் தேடுவீக?’ என்றாள். நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். சீயக்காயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ‘கட்டிக் குடுத்தவ மனசு’ என்று பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

மானாமதுரையில் வண்டி மாறி, மண்டபத்தில் இறங்கி, ரயிலடிப் பக்கம் படுத்து எழுந்து, விடிந்ததும் கரைக்குப் போனோம். அங்கே விருந்துக்கான அறிகுறி எதுவும் இல்லை. சம்மாட்டி வள்ளத்தில் ஏதோ கயிறு கட்டிக்கொண்டிருந்தார், ‘வாங்க’ என்றதோடு சரி. பாவம், வேலையில் மறந்துவிட்டார் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கரையில் கிடந்த பனங்கட்டையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். நீங்கள் தயங்கினீர்கள். அப்போதுதான் என் வாழ்நாளின் மிகக் கேவலமான ஆலோசனையை உங்களுக்கு வழங்கினேன்.

‘வெறும் வயித்தோட இறங்குனா, காத்தடிச்ச டியூப் மாதிரி மேலயே மிதப்பீக மாப்ளே. அடிக்குப் போறதுக்குக் கனம் வேணும். சாப்பிடுங்க.’

ஒன்பது கந்தரப்பம் சாப்பிட்டீர்கள். நான்தான் எண்ணி வைத்தேன். போதும் மச்சான் என்று கையை மறித்தபோது, கனம் பத்தாது என்று புளியோதரையை உருட்டிக் கொடுத்தேன்.

வள்ளம் பாதி வழி போனபோது சம்மாட்டி உங்கள் முகத்தைப் பார்த்தார்.

‘பசியாறாம வரச் சொல்லி எழுதியிருந்தேனே, கிடைச்சுச்சா?’

‘கிடைச்சுச்சு. நீங்க பலகாரம் வைக்கப் போறீகன்னு நெனச்சோம்’ என்றீர்கள். உங்களுக்குப் பொய் வராது.

அவர் துடுப்பை நிறுத்திவிட்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ‘நடுக்கடல்ல நான் எங்குட்டு அடுப்பு வைக்கிறது? எந்த ஊருங்க நீங்க?’

‘கோட்டையூரு.’

‘அதானே, பலகாரச் சீமை’ என்று மறுபடியும் துடுப்புப் போட்டார்.

குருசடியைத் தாண்டி, கடலுக்கடியில் பவளப்பாறை இருக்கிற இடத்தில் நங்கூரம் போட்டார். ‘ரெண்டு பாகம்தான்’ என்றார். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். அவ்வளவுதானா என்று நான் அலட்சியமாக விளிம்புக்கு வந்து குனிந்தேன்.

மாப்பிள்ளை, அன்றைக்கு நான் சொன்னது ஒன்று நிஜமாகிவிட்டது. தண்ணீர் கண்ணாடியாகத்தான் இருந்தது. அடி தெரிந்தது. வள்ளத்தின் நிழல் கீழே மணலில் விழுந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் மாடி விளிம்பில் யாரோ என்னைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நீங்கள் சட்டையைக் கழற்றி, முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். இந்த மனுஷன் இறங்கிவிட்டால் பின்னாலேயே நானும் இறங்க வேண்டுமே, நம் வண்டவாளம் இன்றைக்குத் தெரிந்துவிடுமே என்பது ஒன்றுதான் எனக்குள் ஓடியது.

நங்கூரம் போட்டு நிற்கிற வள்ளம், ஓடுகிற வள்ளத்தைவிட அதிகம் ஆடும். முகமூடியைக் கழற்ற உங்களுக்கு நேரம் கிடைத்ததே பெரிய விஷயம். நான் எண்ணி வைத்த ஒன்பதும் மன்னார் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு நாழிகைக்குப் பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ‘இப்ப இறங்கட்டுமா?’ என்று சம்மாட்டியைக் கேட்டீர்கள்.

‘வாந்தி எடுத்த ஆளை நான் தண்ணிக்குள்ள விடமாட்டேன். அடியில போயி இன்னொருக்கா வாந்தி வந்தா மூச்சுக்குழல்ல போயிரும். எங்க அப்பன் வந்து கேட்டாலும் விடமாட்டேன்.’

உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மாப்பிள்ளை. அப்பாடா என்று உடம்பெல்லாம் லேசாகிப் பலகையிலிருந்து கையை எடுத்தேன். கனம் வேண்டும் என்று உங்களை ஊட்டி ஊட்டிக் கெடுத்தது வேண்டுமென்று செய்ததில்லை, என் வாய்க்கொழுப்பு. ஆனால் அதன் பலனை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் விளிம்பில் குப்புறப் படுத்து, முகமூடியின் கண்ணாடியை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்த்தீர்கள். அலை ஆட்டத்தில் ஒன்றும் நிலைக்கவில்லை. ‘என்ன தெரியுது?’ என்றேன். ‘கொஞ்சம் கறுப்பா. கொஞ்சம் மஞ்சளா. அசையுது மச்சான்.’

சம்மாட்டி இரக்கப்பட்டுத் திரும்பும்போது உங்களைக் குருசடியில் இறக்கிவிட்டார். ஒரு மணி நேரம் மர நிழலில் படுத்திருந்தீர்கள். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மணலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தீர்கள். ‘ஒரு தீவு ஆச்சு’ என்றீர்கள். வண்டியில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, ‘அடுத்த மாசியில வெறும் வயித்தோட வந்துருவோம் மச்சான். நம்ம தப்பு எதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே’ என்றீர்கள். நம்ம தப்பு என்றீர்கள். நம்ம.

அதற்கப்புறம் பத்து மாசி வந்தது. ஒவ்வொரு தைக் கடைசியிலும் கடைக்கு வந்து நிற்பீர்கள். ஒரு வருஷம், சுறா குட்டி போட்டிருக்கிறது, பிள்ளை பெற்ற சுறா பொல்லாதது என்றேன். ஒரு வருஷம், கச்சான் காற்று இந்தத் தடவை மாசியிலேயே புறப்பட்டுவிட்டது என்றேன். இன்னொரு வருஷம் ஒன்றும் தோன்றாமல், ‘அரசாங்கம் கடலைப் பூட்டிருச்சு மாப்ளே, வெளிநாட்டுக் கப்பல் ஏதோ திரியுதாம்’ என்று சொல்லிவிட்டேன். ‘எப்பத் திறப்பாக?’ என்று கேட்டீர்கள். வீட்டில் என் தங்கையோ வருஷா வருஷம் அதே பாட்டு. அண்ணன் கூட வந்தால் போங்கள்.

சம்மாட்டிக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டிருந்தால் போதும். ஊதா மையில் பதில் வந்திருக்கும், என் பூட்டு உடைந்திருக்கும். கார்டுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்த மனிதர் நீங்கள். ஒன்றுகூடப் போடவில்லை. மச்சான் வார்த்தையை மூன்றாம் மனிதரிடம் கேட்டுச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தீர்களோ என்னவோ. கேணி நீச்சலை மட்டும் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் உங்களுக்கு மஞ்சள் காமாலை. பதினைந்து நாள். கடைசிச் சனிக்கிழமை நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி இட்லியால் ஒரு சைக்கிளுக்கே பிரேக் கட்டை செய்யலாம் என்று ஏதோ அளந்துகொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, ‘கடலைத் திறந்துட்டாகளா மச்சான்?’ என்றீர்கள்.

‘திறந்தாச்சு மாப்ளே. மாசியில போறோம். வள்ளத்துக்குச் சொல்லிட்டேன்.’

உங்களிடம் நான் கடைசியாகச் சொன்னதும் பொய்தான். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். கேலியாகக் கேட்டீர்களா, நிஜமாகக் கேட்டீர்களா என்று இன்றுவரை தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் வரப் போவதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் மகள் கடைக்கு வந்தாள். விலங்கியல் மேல்படிப்பில் மூன்று நாள் தீவுப் பயணம். குருசடி, மனோலி, முயல் தீவு. நீச்சல் தெரிந்தவர்கள் முகமூடி போட்டுப் பார்க்கலாம். அதிலும் தேறியவர்களை, கடல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் காற்று உருளையோடு இரண்டு பாகம் வரை இறக்கிக் கூட்டிப்போவார்களாம். கையில் நோட்டும் பேனாவும்.

‘மாமா, நீங்க எல்லாம் தெரிஞ்சவுக. என்னென்ன எடுத்துட்டுப் போகணும், எதுல கவனமா இருக்கணும், ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. அப்பறம் அம்மாகிட்டப் பேசுங்க. நீங்க கூட வந்தாத்தான் விடுவாகளாம்.’

மாப்பிள்ளை, அந்தக் கயிறு மறுபடியும் என் கைக்கு வந்தது. என் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக நின்றது. அதைவிடச் சின்னப் பொய்யால் உங்களைப் பத்து வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு அவளோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். தங்கை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

‘எனக்கு நீச்சல் தெரியாது’ என்றேன்.

அவள் சிரித்தாள். இதுவும் ஒரு அளப்பு என்று நினைத்திருப்பாள்.

‘தெரியாது, தங்கச்சி. தலைமன்னாருக்கும் போகல, எங்குட்டும் போகல. மாப்பிள்ளை கேட்ட ஒவ்வொரு வருசமும் கடலு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குப் பயம். அதான் போகல.’

கையில் இருந்த புளியை அவள் கீழே வைக்கவில்லை.

‘அப்ப, அதைச் சொல்லியிருந்தா நான் அவுகளைத் தனியா விட்டிருப்பேனே’ என்றாள். ‘உன்னை நம்பித்தானே வேணாம்னேன்.’

பிறந்ததிலிருந்து என்னை அவள் ‘நீ’ என்று சொன்னதில்லை. எழுந்து உள்ளே போனாள். உங்கள் மகளும் நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு வாசற்படியில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல், மகளிடம் பேசினாள்.

‘நீ போ ஆத்தா. இவரு கூட வந்து என்ன ஆகப் போகுது.’

அன்றைக்கு என் மருமகளின் நோட்டில் நான் சொன்னதெல்லாம் ஒரு பக்கம்கூட வரவில்லை. பாதி உங்கள் கார்டுகளில் வந்தவை. தண்ணீர் கொண்டு போ. காலை மூடு. காலையில் காற்றைப் பார். பல் விளக்கியதிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற வரை ஒன்றும் தின்னாதே, யார் ஊட்டினாலும் தின்னாதே. கடைசியாக ஒன்று நானே சேர்த்தேன். பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் அப்போதே சொல்லிவிடு. அதை மட்டும் அவள் இரண்டு தடவை கோடு போட்டுக்கொண்டாள்.

தங்கை இந்தத் தடவையும் டப்பா கட்டினாள். மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘மேலே வந்தபிறகு.’

நேற்று வந்தவள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னாள். தங்கை கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் ஒன்றும் கூட்டவில்லை.

இரண்டு பாகம் ஆழம். எட்டு நிமிஷம். முதலில் காது வலித்ததாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதியதும் சரியானதாம். பவளம் சிவப்பாக இருக்கும் என்று நினைத்துப் போயிருக்கிறாள். சிவப்பு இல்லையாம். பெரும்பாலும் தவிட்டு நிறம், சில இடத்தில் இளமஞ்சள். ஒரு கல் மூளையைப் போல மடிப்பு மடிப்பாக, நம் ஆட்டுரல் அளவுக்கு. அதன் இடுக்கில் விரல் நீள மீன்கள், கறுப்பில் மஞ்சள் கோடு போட்டவை, பத்துப் பன்னிரண்டு. அவள் கிட்டே போனதும் உள்ளே போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தனவாம். நீங்கள் அன்றைக்கு மேலே இருந்து பார்த்த கறுப்பும் மஞ்சளும் அதுதானோ என்னவோ.

இன்னொன்று சொன்னாள். கடலுக்கு அடியில் சத்தம் இருக்கிறதாம். நிறுத்தாமல் படபடவென்று ஏதோ பொரிகிற மாதிரி. குட்டி இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தமாம்.

‘கடுகு வெடிக்கிற மாதிரியா?’ என்று தங்கை கேட்டாள்.

‘ஆமாம்மா. ஒரு ஊரே சேந்து தாளிக்கிற மாதிரி.’

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னை இன்னும் ‘நீ’ என்றுதான் சொல்கிறாள். அவசியத்துக்குத்தான் பேசுகிறாள். அது எனக்குத் தகும், மாப்பிள்ளை. நான் அதற்குச் சமாதானம் தேடவில்லை.

இன்று காலை பஞ்சர் ஒட்ட ஒருவர் வந்தார். உங்களோடு தபாலாபீஸில் இருந்தவர்தான்.

‘மருமக கடலுக்கு அடியில போயிட்டு வந்துச்சாமே? எவ்வளவு நேரம் இருந்துச்சு?’

எட்டு மணி நேரம் என்று சொல்ல என் நாக்கு எழுந்தது. பழக்கம். அதை அடக்கிக்கொண்டு, ‘எட்டு நிமிசம்’ என்றேன்.

‘நீங்க கூடப் போனீகளா?’

‘இல்ல. எனக்குப் பயம்.’

அவர் சிரிக்கக் காத்திருந்தார். இதற்குப் பின்னால் ஏதோ வரும் என்று எதிர்பார்த்தார். இத்தனை வருஷம் அப்படித்தானே வந்திருக்கிறது. நான் டயரைச் சுற்றிக் காற்றை அழுத்திப் பார்த்தேன். பிறகு, இனிமேல் யார் கேட்டாலும் சொல்லப்போகிற அதே கணக்கில், கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் சொன்னேன்.

‘எங்க மாப்பிள்ளைக்குப் போகணும்னு ரொம்ப ஆசை. நான் கூட்டிட்டுப் போகல.’